கூட்டினால் ஒன்பது

செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுவதை விட்டதும் பரஞ்சோதியை எண் சாஸ்திரம் பிடித்துக்கொண்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி. அந்த ஆண்டி இவருக்கு நெருங்கிய உறவாக இருக்க வேண்டும். சுங்கை லாலாங்கிலிருந்து ஜித்ரா வரை கார் நம்பருக்கும் பிள்ளைப் பெயருக்கும் யோசனை சொன்னார். தன் பெயரிலேயே இரண்டு எழுத்தைக் கூட்டிக்கொண்டார். அதிர்ஷ்டம் வரவில்லை, கையெழுத்து ஒத்துவரவில்லை என்று பேங்க்தான் ஆளைத் திருப்பி அனுப்பியது.

மகள் லோகேஸ்வரிக்கு இந்தக் கூத்தெல்லாம் பழகியதுதான். அம்மா காலமான பிறகு வீட்டில் அவர்கள் இரண்டே பேர். ஆனால் தன் கல்யாணத்திலும் அவர் கை வைத்தபோதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. சுங்கைப்பட்டாணித் தொழிற்சாலையில் உடன் வேலை செய்யும் தேவனைப் பேசி முடித்து ஒன்றரை வருடமாகியும் தேதி குறித்தபாடில்லை.

எல்லாம் ஒரு பகா எண்ணுக்காக. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதாலும் மீதியின்றி வகுபடாத எண். நாலு கோடி இலக்கத்தில்கூட அப்படியொன்று உண்டென்று எங்கோ கேட்டுவிட்டார். பிரிக்க முடியாத எண்ணைக் கல்யாணப் பத்திரிகையின் தலையில் அச்சடித்தால் புருஷன் பெண்டாட்டியை யாராலும் பிரிக்க முடியாதாம். சரி, ஏதாவதொன்றை அச்சடித்துத் தொலையுங்கள் என்றால் அதற்கும் நிபந்தனை. நாற்பது இலக்கமாவது இருக்க வேண்டும். இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் ஒன்பது நிற்க வேண்டும், ஏனென்றால் மகள் பிறந்தது ஒன்பதாம் தேதி.

தினமும் போனில் எண்களைத் தட்டிப் பார்ப்பார். பகா எண்தான் என்று போன் சொன்னால் கூட்டுத்தொகை எட்டு வந்து நிற்கும். சனி என்று தள்ளிவிடுவார். ஒன்பது வந்தாலோ, பகா எண் இல்லை என்று போன் கையை விரிக்கும்.

"வெள்ளக்காரன் கணக்குல ஏதோ கோளாறுலா" என்று காப்பியை உறிஞ்சுவார்.

இந்த லட்சணத்தில் எந்த வீட்டார் காத்திருப்பார்கள்? இந்த மாதத்துக்குள் தேதி சொல்லாவிட்டால் பண்டார் பாருவில் வேறு பெண் பார்ப்பதாகத் தேவனின் அம்மா சொல்லி அனுப்பினார்.

அன்று மாலை லோகேஸ்வரி அப்பாவின் எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"கூட்டி ஒன்பது வந்தா அந்த நம்பர் ஒன்பதால வகுபடும்பா. எவ்ளோ பெரிய நம்பரா இருந்தாலும் அப்படித்தான். தமிழ்ப்பள்ளியில படிச்சது. நீங்க தேடுறது உலகத்துலயே இல்ல."

பரஞ்சோதி போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தார். சண்டைக்கு வருவார் என்றிருந்தாள். வரவில்லை.

"தெரியும்" என்றார். "போன வருசமே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேவா?"

"நீ போய்ட்டா இந்த வீட்ல நான் ஒருத்தன் என்னம்மா செய்வேன்?"

அவளுக்குப் பாவமாகத்தான் இருந்தது. கோபம் அதைவிட அதிகமாக இருந்தது. முட்டாள் என்று நினைத்துத்தான் இத்தனை நாளும் அவரை மன்னித்து வந்தாள். முட்டாள் இல்லையாம்.

"நாளைக்கு நானும் தேவனும் கல்யாணப் பதிவுக்கு எழுதிக் குடுக்கப் போறோம்" என்று எழுந்தாள். "பதிவன்னிக்கு சாட்சிக்கு ரெண்டு பேர் வேணும். நீங்க வரலன்னா அவரோட மாமா வருவாரு."