கண்ணை மூடிக்கொண்டு வாங்கிய டீ பாட்

எங்கள் வீட்டில் டீ பாட் என்ற சாமானே இருந்ததில்லை. வாய் அகன்ற பாத்திரத்தில் பாலும் தண்ணீரும் தூளும் ஒன்றாகக் கொதிக்கும். இடுக்கியால் பிடித்துத் தூக்கி வடிகட்டியில் சரிக்க வேண்டியதுதான். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் சரித்திருக்கிறேன். போன வருஷம் ஒரு காலையில் சரித்தபோது டீ தம்ளருக்குப் பக்கத்தில் விழுந்து, மேடையில் ஓடி, என் காலில் கொட்டியது. தம்ளர் இருப்பதாக நான் நினைத்த இடத்தில் தம்ளர் இல்லை.

சத்தம் கேட்டு வந்த என் வீட்டுக்காரரிடம் இடுக்கி வழுக்கிவிட்டது என்று சொன்னேன். அவர் தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதற்கும் பதறாத மனிதர், சில சமயம் எரிச்சல் வருகிற அளவுக்கு. எனக்கு டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதும், மகன் பரீட்சையில் கோட்டைவிட்டபோதும் அவர் சொன்னது ஒன்றுதான்: "ஒண்ணும் செய்யாது." அன்றைக்கும் அதைச் சொல்லிவிட்டு, இடுக்கியை நாலு வார்த்தை திட்டி, காலில் மருந்து தடவிவிட்டார்.

பாவம், இடுக்கி என்ன செய்யும். கண்ணாடி மாற்றலாம் என்று போன இடத்தில், கண்ணில் அழுத்தம் இருக்கிறது என்று டாக்டர் அதற்கு முன்பே சொல்லியிருந்தார். நேரே பார்ப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். ஓரங்கள்தான் போய்க்கொண்டிருந்தன. நான் பாடம் எடுக்கும் வகுப்பில் ஓரத்துப் பெஞ்சுப் பிள்ளைகள் கை தூக்கினால் எனக்குத் தெரியவில்லை. டீச்சருக்கு எங்களைப் பிடிக்காது என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். போனது திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார் டாக்டர். குடும்பத்தில் வேறு யாருக்காவது இருந்ததா என்றும் கேட்டார். அம்மாவுக்கு என்று சொல்லிவிட்டு, மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்தேன்.

ஸ்ரீவைகுண்டத்தில் அம்மாவுக்குக் கண் முழுசாகப் போனதும், அண்ணனும் மதினியும் முதல் வேலையாக அவளை அடுக்களையை விட்டு எழுப்பினார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. தீ, அரிவாள்மணை, கொதிக்கிற எண்ணெய் என்று அவர்களுக்கும் பயம். முன்னறையில் ஒரு நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். சர்ச்சில் சபைக்கே சமைத்துப் போட்ட கை மடியில் சும்மா கிடந்தது. சாப்பாட்டுத் தட்டு வந்ததும் விளிம்பில் வெட்டியிருக்கும் பேரை விரலால் தடவிப் பார்ப்பாள். தன் பேர்தான் என்று தெரிந்த பிறகே சோற்றில் கை வைப்பாள். அந்த வீட்டில் அவளுக்கென்று மிஞ்சியது அந்தத் தட்டு ஒன்றுதான்.

எனக்கு இருட்டைவிட அந்த நாற்காலிதான் பயமாக இருந்தது. படுத்தால் அதுதான் முன்னால் வந்து நின்றது. அதனால் யாரிடமும் மூச்சுவிடவில்லை. சொட்டு மருந்தைப் பள்ளிக்கூடப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டேன்.

மூக்கு உள்ள பாத்திரமாக இருந்தால், மூக்கைத் தம்ளர் விளிம்பில் முட்டவைத்து ஊற்றலாம். அதற்குக் கண் வேண்டாம். இது தோன்றியதும் ஒரு சனிக்கிழமை தனியாக டவுனுக்குப் பஸ் ஏறினேன். பாலத்தில் போகும்போது ஆற்றைப் பார்த்தேன். ஒரே பார்வையில் ஆறு எனக்கு அகப்படவில்லை. தலையைத் திருப்பித் திருப்பித் துண்டு துண்டாகத்தான் பார்க்க முடிந்தது. பக்கத்தில் இருந்த பெண் யாரைத் தேடுகிறீர்கள் என்று கேட்டாள்.

பாத்திரக்கடை அண்ணாச்சி முதலில் கரண்ட் கெட்டில்களை எடுத்துப் போட்டார். அது இல்லை என்றதும் பூப்போட்ட பீங்கான் ஒன்று வந்தது. பார்க்க லட்சணம்தான், ஆனால் அடுப்பில் வைக்க முடியாது, சாய்த்தால் மூடி கழன்று விழுகிறது. அடுத்து கண்ணாடியில் ஒன்று. "உள்ள இருக்கது அப்படியே தெரியும் டீச்சர்" என்று அதைப் பெருமையாகத் தூக்கிக் காட்டினார். சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை.

பிறகு ஸ்டீலில் இரண்டு. ஒரு செம்பு தண்ணீரும் ஒரு தம்ளரும் கேட்டு வாங்கினேன். கண்ணை மூடிக்கொண்டேன். மூடியதும் கடைச் சத்தம் மொத்தமும் என் மேல் வந்து விழுந்தது. அம்மா இதற்குள்தான் இருந்தாளா என்று நினைத்தேன். முதல் டீ பாட்டின் மூக்கு வளைந்து நீண்டது. தண்ணீர் தம்ளரைத் தாண்டி அண்ணாச்சியின் பில் புத்தகத்தை நனைத்தது. இரண்டாவதன் மூக்கு குட்டையாக, தடித்த உதட்டோடு இருந்தது. தம்ளர் விளிம்பில் அது டக்கென்று உட்கார்ந்தது. தண்ணீர் ஏற ஏறச் சத்தம் மாறுவதைக் கேட்டு நிறுத்தினேன். கண்ணைத் திறந்தால் தம்ளரில் முக்கால் அளவு. வெளியே ஒரு சொட்டு இல்லை.

இதையே கொடுங்கள் என்றேன். அண்ணாச்சி என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். பேர் வெட்டுகிற மெஷினை எடுத்துவைத்துக்கொண்டு, "என்ன பேரு வெட்டணும் டீச்சர்?" என்றார். அம்மாவின் விரல் ஞாபகம் வந்துவிட்டது. பேரெல்லாம் வேண்டாம் என்று பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன்.

வீட்டில் இவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இதென்ன வெள்ளைக்காரர்கள் இருந்த மிஷன் பங்களாவா என்று கேலி செய்தார். அதில் போட்ட டீயை மட்டும் இன்னொரு தம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார். அப்புறம் தினமும் காலையில், அவர் எழுந்திருக்கும் முன்பே நான் பழகினேன். சில நாள் கண்ணை மூடிக்கொண்டு, சில நாள் திறந்துகொண்டு. கை பழகியது. பயம் அப்படியேதான் இருந்தது.

ஒருநாள் சீனி டப்பாவை எடுத்தபோது மூடியில் ஏதோ விரலை உரசியது. தடவிப் பார்த்தேன். நடுவில் ஒரு புள்ளி வெட்டியிருந்தது. முந்தின நாள் வரை அது இல்லை. பக்கத்து உப்பு டப்பாவை எடுத்தேன். அதில் இரண்டு. யாருக்கோ தெரிந்துவிட்டது.

"தூளுக்கு மூணு" என்று என் வலது பக்கத்திலிருந்து குரல் வந்தது.

தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினேன். அவர் பிரிட்ஜில் சாய்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கை நீட்டினால் தொடுகிற தூரம். நான் பள்ளிக்கூடம் போயிருந்தபோது மூடிகளைக் கடைக்குக் கொண்டுபோய் வெட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"எப்ப வந்திய?" என்றேன்.

"தெனமும் இங்கனதான் நிக்கேன். நீ பாக்கல ஏட்டி."

ஒண்ணும் செய்யாது என்று சொல்லுவார் என்று காத்திருந்தேன். அந்த நேரத்தில் அந்த வார்த்தை எனக்குத் தேவையாக இருந்தது. அவர் சொல்லவில்லை. நேரே இருப்பது எனக்கு இன்னும் நன்றாகத் தெரியும். அவர் முகத்தை நேரே பார்த்தேன். அந்த முகத்தில் பயத்தை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. இவரே பயப்படுகிறார் என்றால் எல்லாம் நிஜம்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அம்மய மாதிரி என்னையும் அடுக்களய விட்டு எழுப்பிருவியளா?" என்று கேட்டேன்.

"ஊத்து. ஆறிரும்."

தம்ளரை அவர் எடுத்து நீட்டவில்லை. நானே தடவி எடுத்து வைத்தேன். டீ பாட்டின் மூக்கு தம்ளர் விளிம்பில் கடகடவென்று தட்டியது. ஊற்றி முடிக்கும்வரை அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. மேடையில் கொஞ்சம் சிந்திவிட்டது. துணி எங்கே இருக்கிறது என்றும் அவர் சொல்லவில்லை. நானே தேடி எடுத்துத் துடைத்தேன்.