கந்தகம் ஏறிய இரும்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுப்பகுதியில், இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்கு அருகே தேயிலை இயந்திரங்களுக்கு உதிரிப்பாகம் வார்க்கும் சிறிய பட்டறையில் நான் மேற்பார்வையாளன். கொழும்பில் படித்துவிட்டு வந்த கர்வம் நிறைய இருந்தது.

கொழுந்து குவியும் பருவத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்தை உருட்டும் ரோலரின் பற்சக்கரம் உடைந்தது. மண்சரிவால் புது இரும்பு வரவில்லை. ரயில் எஞ்சின் அடுப்பில் கருகியதால் கழித்துப் போட்ட கம்பிகளை உலையில் போடச் சொன்னேன். மணலில் அச்சு செய்பவர் என் வயதுக்காரர். "ஐயா, இது கரி நெருப்பு தின்ன இரும்புங்க. ஆறுன கஞ்சியாட்டம்தான் ஓடும். மூலையில நெருப்புப் படாம கெடக்கிற பழைய மெசின ஒடச்சுப் போடுவோம்" என்றார்.

"படிச்சது நானா, நீயா?" என்றேன்.

அவர் சொன்னபடியே ஆயிற்று. இரும்பு அச்சின் பாதியிலேயே உறைந்தது; சக்கரத்தில் பாதிப் பல் இல்லை. முதலாளி கத்தினார். மணலில் ஈரம் என்று அச்சுக்காரர் மீது பழியைப் போட்டேன். அங்கேயே அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

கந்தகம் மிகுந்தால் உருகிய இரும்பு மந்தமாகும், பாஸ்பரஸ் மிகுந்தால் இளகி ஓடும் என்று பரீட்சைக்கு மனப்பாடம் செய்தவன் நான். நிலக்கரியின் கந்தகம் அந்தக் கம்பிகளில் ஏறியிருக்கும் என்பது அன்றே உறைத்தது. ஆனாலும் இரண்டு நாள் வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள் முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். "நீயே போய்க் கூட்டிட்டு வா" என்றார்.

தொழிலாளர் லயத்து வாசலில் அச்சுக்காரரின் மனைவி நின்றிருந்தார். "உள்ள வாங்க, படிச்ச ஐயா. மணல்தான் ஈரம், எங்க வீட்டுத் தரை காய்ஞ்சுதான் இருக்கு."

உள்ளே அச்சுக்காரரிடம் தலைகுனிந்து, பொய் சொன்னது நான்தான் என்றேன். அவர் எழுந்து சட்டையை மாட்டினார். பிறகு, "மொதல்ல அந்தக் கம்பியத் தூக்கி வெளிய எறியுங்க. வர்றேன்" என்றார்.

அன்று பிற்பகலே பழைய இயந்திரத்தை உடைத்து உருக்கினோம். வார்க்கும் நேரத்தில், இருவர் தூக்கும் இரும்புக் கரண்டியின் மறுமுனையைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். இரும்பு கடைசிப் பல் வரை ஓடி நிறைந்தது.

என் கை சற்று நடுங்கியிருந்தால் அவர் கால்தான் வெந்திருக்கும். பொய் சொன்னவன் என்று தெரிந்தும் மறுமுனையை என்னிடம் கொடுத்தார். அன்றிலிருந்துதான் நான் நம்பத் தகுந்த மனிதனாக முயன்றுகொண்டிருக்கிறேன்.