வாட்சர் அக்கா எழுத மறுத்த மன்னிப்பு

வாட்சர் அக்காவை நினைத்தால் அவர் போட்டிருந்த காக்கிச் சட்டைதான் முதலில் கண்ணுக்கு வருகிறது. ஆள் மெலிந்தவர், சட்டை ஆண்களுக்குத் தைத்தது. கையை நாலு மடிப்பு மடித்துவிட்டாலும் மணிக்கட்டில் வந்து விழும். பெண்கள் அளவில் இன்னும் வரவில்லை என்று வனத்துறையில் வேலைக்குச் சேர்ந்த வாரம் சொன்னார்களாம். ஒன்பது வருடமாகியும் வரவில்லை. மலையில் எந்தப் பாறை வழுக்கும், எந்த மூங்கில் புதருக்குள் யானை நிற்கும் என்று தெரிந்த ஒருத்திக்கு உடம்புக்குச் சரியான சட்டை ஒன்று கொடுக்க முடியாதவர்கள்தான், பிற்பாடு அவருக்கு மரியாதை தெரியவில்லை என்று எழுதினார்கள்.

நான் அச்சன்புதூர்க்காரன். குற்றாலத்தில் ஜீப் ஓட்டுகிறேன். அனுமதிச் சீட்டு வாங்கியவர்களைச் சோதனைச் சாவடி தாண்டி மண்பாதையில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டாற்றங்கரையில் இறக்கிவிடுவது என் வேலை. அதற்கு மேல் நடைதான். ஆற்றைக் கடந்தால் ஒற்றையடிப் பாதை, பள்ளத்தாக்கு தெரியும் பாறை வரை போகும். காட்டைக் காவல் காக்கும் வாட்சர் ஒருவர் கூடப் போக வேண்டும் என்பது விதி. சாரல் காலத்தில் பெரும்பாலும் அக்காதான் வருவார். மலைக்குள்ளேயே பிறந்து வளர்ந்தவர்.

அன்று ஆடி மாதத்து முற்பகல். சிபாரிசோடு வந்த ஒரு குடும்பம். இரண்டு சிறு பெண்பிள்ளைகளும் இருந்தார்கள். தலைவராக வந்த சார், சாவடியில் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதையே அவமானமாக நினைத்தார். கரையில் இறங்கியபோது இளவெயில். ஆற்றில் கணுக்காலளவு தண்ணீர், அடியில் கூழாங்கல் தெரிந்தது. முதலில் இறங்கிய அக்கா நடு ஆற்றில் ஒரு கல்லின்மேல் நின்றார். தண்ணீரையே பார்த்தார். பிறகு விறுவிறுவென்று திரும்பி வந்து இரண்டு கைகளையும் விரித்து வழியை மறித்தார்.

“யாரும் இறங்காதீங்க. மேல மழ பெய்யுது. வெள்ளம் வருது.”

சார் சிரித்தார். “கணுக்கால் தண்ணிம்மா இது.”

“காத்தே இல்ல, பச்ச எலையா மெதந்து வருது பாருங்க சார். தண்ணியும் கலங்குது. கால் மணி நேரம் பொறுங்க.”

“நான் யாருன்னு தெரியுமா? ஒரு போன் போட்டா நாளைக்கு நீ இங்க இருக்க மாட்ட” என்றவர், சின்னவளின் கையைப் பிடித்துக்கொண்டு அக்காவை இடித்துத் தள்ளி இறங்கப் போனார். அக்கா அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். சார் சேற்றில் உட்கார்ந்தார். “சொன்னாக் கேக்க மாட்டீரா வே! பச்சப் பிள்ளையக் கூட்டிக்கிட்டு எங்கன போவுதீரு?” என்று அக்கா கத்தியது எனக்கு நன்றாகக் கேட்டது. நான் இருபதடி தள்ளி ஜீப்பில் சாய்ந்து நின்றிருந்தேன். சாருடன் வந்த இளைஞன் அத்தனையையும் போனில் படம் பிடித்துக்கொண்டிருந்தான்.

லாரியில் இருந்து ஜல்லி கொட்டுவதுபோல ஒரு சத்தம். தேயிலைச் சாயத்தில் தண்ணீர் உருண்டு வந்தது. கூடவே வேரோடு ஒரு மரம். அக்கா நின்றிருந்த கல் காணாமல் போனது. சின்னவள் அக்காவின் இடுப்பைக் கட்டிக்கொண்டு விடவேயில்லை. இறங்கும் வழியெல்லாம் சார் நன்றி என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

இரண்டு நாளில் அந்தப் படம் தென்காசி டீக்கடை வரைக்கும் வந்துவிட்டது. சுற்றுலா வந்தவரை ஊழியர் தாக்கினாராம். சட்டையைப் பிடித்து இழுப்பதும் கத்துவதும் இருந்தன, வெள்ளம் இல்லை. வெள்ளம் வந்தபோதும் அந்த இளைஞன் போனை இறக்கவில்லை. நான் பார்த்தேன். உயிரைக் காப்பாற்றிய காட்சியை வெட்டி எறிந்துவிட்டு, காப்பாற்றிய கையை மட்டும் ஊருக்குக் காட்டிய அந்த மனதை என்னவென்று சொல்வது?

விசாரணையில் மன்னிப்புக் கடிதம் கேட்டார்கள். “புடிச்சு இழுத்தது நெசம். அத எழுதுதேன். தப்புன்னு எழுத மாட்டேன்” என்றார் அக்கா. என்னையும் கேட்டார்கள். வாயைத் திறந்தால் ஜீப்புக்கு அனுமதி போய்விடும் என்று முந்தின நாளே அலுவலகத்து ஆள் ஒருவர் காதில் போட்டிருந்தார். “வண்டியத் திருப்பிக்கிட்டு இருந்தேன் சார். சரியாப் பாக்கல” என்றேன். அக்கா அதே அறையில்தான் நின்றிருந்தார். ஒரு தடவை என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். தற்காலிக வேலை என்பதால் நீக்குவதற்கு உத்தரவுகூடத் தேவைப்படவில்லை. திங்கட்கிழமை முதல் வர வேண்டாம் என்று வாயால் சொல்லி அனுப்பினார்கள்.

மூன்று மாதம் கழித்து மலையடிவாரத்துக்கு அவரைத் தேடிப் போனேன். எலுமிச்சைத் தோப்பில் காய் பொறுக்கிக்கொண்டிருந்தார். “நான் பொய் சொல்லிட்டேன்க்கா. மன்னிச்சிருங்க” என்றேன். கூடையிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்: “எங்கிட்ட எதுக்குத் தம்பி சொல்லுத? நான்தான் அங்கன இருந்தேன்லா. இல்லாதவங்ககிட்டப் போயிச் சொல்லு.”

நடந்ததையெல்லாம் இரண்டு பக்கம் எழுதி அலுவலகத்தில் கொடுத்தேன். கோப்பு மூடியாயிற்று என்றார்கள். அவர்கள் பயமுறுத்தியதுபோல என் அனுமதியை யாரும் பறிக்கவும் இல்லை. ஒன்றுமில்லாத ஒரு மிரட்டலுக்கா அவரைக் காட்டிக்கொடுத்தேன் என்ற எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை. ஆற்றங்கரையில் இப்போது படம் எடுத்துக்கொள்ள மேடை கட்டியிருக்கிறார்கள். அக்காவைப் போலத் தண்ணீரைப் பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.

அதனால் ஏறுகிறவர்களிடம் சாவடியிலேயே இந்தக் கதையைச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் ஒருவர், “நாங்க சுத்திப் பாக்க வந்தோமா, உங்க கதை கேக்க வந்தோமா?” என்று சீறினார். ஜீப் எஞ்சினை அணைத்தேன். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு மறுபடியும் முதலிலிருந்து சொல்லத் தொடங்கினேன்.