ஒற்றை வாசல் மைதானமும் முசே சவரிநாதனும்

முசே சவரிநாதன் இறந்துபோன செய்தியை எனக்குக் கொண்டுவந்தவர் வைத்திக்குப்பத்து ஆறுமுகம். கடலுக்குப் போகாமல் நேரே என் வீட்டுக்கு வந்திருந்தார். "செக்ரெத்தேர் ஐயா, முசே போயிட்டாரு. விடியகாலம்பற. அம்மா உங்களாண்ட சொல்லச் சொன்னாங்க" என்றார். என்ன ஆச்சு என்று அசட்டுத்தனமாகக் கேட்டுவிட்டேன். ஆறுமுகம் என்னை ஒரு பார்வை பார்த்தார். "என்னா ஆச்சுன்னு உங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

எனக்குத் தெரியும். நம் பந்தாட்டச் சங்கத்தில் உங்களில் பலருக்கும் தெரியும். இருந்தும் நம் நிர்வாகக் கொமித்தே நிறைவேற்றிய இரங்கல் தீர்மானத்தில் "வயோதிகத்தாலும் சுரத்தாலும் காலமானார்" என்று இருக்கிறது. அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. அது வயோதிகம் என்றால் நம் கொமித்தேயில் பாதிப் பேர் எப்போதோ போயிருக்க வேண்டும். சங்கச் செயலாளர் என்பதால் இந்த இரங்கல் கூட்டத்தில் படிப்பதற்கு என்று என்னை ஒரு பக்கம் எழுதச் சொன்னார்கள். அந்தத் தீர்மானம் பூசி மெழுகியதை நான் மறுபடியும் மெழுகப் போவதில்லை.

அவர் முதலியார்பேட்டைக்காரர். இளம் வயதில் சைகோனுக்குப் போய்க் கட்டட வேலை இலாகாவில் வரைபடம் போடுபவராக இருந்தார். அங்கிருந்து ஒரு பிரெஞ்சுக் கட்டடக் கம்பெனியோடு ஜப்பானுக்குப் போனார். ஊர் திரும்பியபோது அவரிடம் இருந்த ஜப்பான் சாமான்கள் ஒரு குடையும் ஒரு கட்டு வரைபடங்களும்தான். பிரெஞ்சுக் கம்பெனியில் இருந்தவர் என்பதால் எல்லோரும் அவரை மரியாதையாக, ஐயா என்பதுபோல, முசே என்று கூப்பிட்டார்கள். ஞாயிறு தவறாமல் ஆட்டம் பார்க்க வருவார். ஆனால் பந்தைப் பார்க்க மாட்டார். கூட்டத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். "அண்ணே, பந்து அந்தப் பக்கம் போகுது" என்று நான் சீண்டுவேன். "பந்து எங்க போனா எனக்கென்னா நடேசன்? ஜனம் எங்க போவுதுன்னு பாக்கறேன்" என்பார். கிறுக்கு என்று நினைத்தேன். வெளியிலும் அப்படித்தான் சொல்லிவந்தேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறார் என்று ஒரு சாயங்காலம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார். ஜப்பானில் அந்தப் பெரிய பூகம்பம் வந்த அன்று அவர் யோக்கோஹாமாவில் இருந்திருக்கிறார். மதியச் சாப்பாட்டு நேரம். வீட்டுக்கு வீடு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சரிந்த வீடுகள் எல்லாம் பற்றிக்கொண்டன. அவரோடு வேலை செய்த ஒரு ஜப்பானியரும் அவர் மனைவியும், சுற்றிலும் மதில் இருக்கிறது, தீ தாண்டாது என்று நம்பி ஒரு பெரிய கிடங்கு வளாகத்துக்குள் போனார்கள். இவர் ஏதோ தோன்றித் திறந்த பூங்காவுக்கு ஓடினார். அங்கே குழாய் உடைந்து தரையெல்லாம் தண்ணீர். அந்தச் சேற்றில் படுத்துப் பிழைத்தார். மறுநாள் அந்த வளாகத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார். அதற்கு வாசல் ஒன்றுதான். "மதில் ஒண்ணும் ஆவல நடேசன். அப்படியே நின்னுது" என்றார்.

ஊரைத் திரும்பக் கட்டியபோது அங்கே ஒரு கால்பந்து மைதானம் போட்டார்கள். அதன் வரைபட வேலையில் இவர் கை இருந்தது. அந்தப் படத்தை எனக்குக் காட்டியிருக்கிறார். பார்த்தால் ஒரு கம்பீரமும் கிடையாது. நடுவில் ஆடுகளம். சுற்றிலும் இடிந்த வீடுகளின் மண்ணைக் கொட்டிச் சரிவாக்கிய கரை. அதில் படிகள். முப்பது முப்பது தப்படிக்கு ஒன்றாகக் கரையை அறுத்து ஒரு வழி. கூரையில்லை, வளைவில்லை, தூணில்லை. "இது மைதானமா, ஓட்டைச் சல்லடையா?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "சல்லடைன்னு வெச்சிக்கோங்க. எதுவும் உள்ள தங்கக் கூடாது, அவ்ளோதான்" என்றார்.

நம் மைதானத்துக்குச் சுவர் எழுப்புவது என்று முடிவானபோது, யாரும் கேட்காமலே ஒரு படம் போட்டுக்கொண்டு வந்தார். அதில் ஏழு வாசல். கொமித்தே கூடியது. கவர்னர் துரை வந்து இறங்கும்போது வரவேற்க ஒரே ஒரு பெரிய வளைவு, அதன் மேல் சங்கத்தின் பெயர், மற்றபடி ஆள் உயரத்துக்கு மேல் சுவர் என்று தலைவர் விரும்பினார். கண்டவனும் கண்ட இடத்தில் நுழையக் கூடாது என்பது எல்லோருடைய எண்ணமும். படத்தை நிராகரித்துக் கடிதம் எழுத வேண்டியவன் செயலாளரான நான். எழுதியதோடு விட்டேனா? "ஏழு வாசல் வைப்பதற்கு இது மாட்டுச் சந்தை அல்லவே" என்று ஒரு வரியைச் சேர்த்தேன். கொமித்தேயில் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது.

சுவர் எழும்பியது, வளைவும் எழும்பியது. திறப்பு விழாவன்று அவர் தன் குடையால் வளைவின் அகலத்தை அளந்துகொண்டிருந்தார். நான் பட்டுக்கரை வேட்டியும் கோட்டுமாக அந்தப் பக்கம் போனேன். "எப்படி அண்ணே, நம்ம வாசல்?" என்றேன். "நல்லாத்தான் இருக்குது. உள்ள வர்றதுக்கு ஜனத்துக்கு ஒரு மணி நேரம் இருக்குது நடேசன். வெளிய போறதுக்கு அது இருக்காது." நல்ல நாளில் இந்த மனிதர் வாயில் நல்ல வார்த்தையே வராதா என்று எரிச்சலோடு மேடைக்குப் போனேன்.

மே மாதம் கப்பல்காரர்களோடு நடந்த ஆட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். இரண்டாம் பாதியில் மேற்கே வானம் கறுத்தது. காற்று எழுந்து மைதானத்துப் புழுதி முழுவதும் முகத்தில் அடித்தது. சுவருக்கு வெளியே நின்ற தென்னைமரத்தில் இடி விழுந்து மட்டை பற்றி எரிந்தது. அவ்வளவுதான். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் எழுந்து அந்த ஒரு வாசலுக்கு ஓடினார்கள். நான் மேடையில் இருந்தேன். மழையின் சத்தத்துக்கு மேலே ஒரு சத்தம் கேட்டது. கத்தல் அல்ல. நிறையப் பேர் ஒரே நேரத்தில் மூச்சை இழுப்பது போன்ற சத்தம். இன்றைக்கும் சில சமயம் அது காதில் விழுகிறது.

சவரிநாதன் எல்லோருக்கும் முன்னால் வளைவில் போய் நின்றிருந்தார். தூணோடு தூணாக ஒட்டிக்கொண்டு, "மெதுவா! பிள்ளைங்களத் தூக்கிக்கோ! தள்ளாத, தள்ளாத!" என்று குரல் கிழியக் கத்தி ஒவ்வொருவராக வெளியே இழுத்துவிட்டாராம். ஆறுமுகத்தின் பெண்ணைத் தலைக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் கொடுத்திருக்கிறார். கூட்டம் அவரைத் தூணோடு வைத்து நசுக்கியது. கூட்டம் வடிந்த பிறகு அவரைச் சுமந்துபோனவரும் ஆறுமுகம்தான். நான்கு விலா எலும்புகள் முறிந்திருந்தன. அன்று உயிர்ச்சேதம் இல்லை என்று நம் கொமித்தே ஆண்டவனுக்கு நன்றி சொல்லித் தீர்மானம் போட்டது. அதையும் நான்தான் எழுதினேன்.

ஐந்து வாரம் படுக்கையில் கிடந்தார். விலாவிலிருந்து நெஞ்சுக்கு நோவு ஏறியது. இருமினால் வலிக்கும் என்று இருமலை அடக்கி அடக்கிச் சளி கட்டிக்கொண்டது, அதன் பிறகு சுரம். நான் போகும்போதெல்லாம் ஒன்றைத்தான் கேட்டார். "ஏழு வேணாம் நடேசன். தெக்குப் பக்கம் ரெண்டு இடத்துல இடிச்சிடுங்க. பதினாலாந்தேதிக்குள்ள இடிச்சிடுங்க." ஜூலை பதினாலாந்தேதி பிரெஞ்சுக் குடியரசு விழாவுக்கு இந்த ஊரே மைதானத்துக்குள் வரும் என்பது அவருக்குத் தெரியும். தலைவரிடம் சொன்னேன். "இப்பதான் வெள்ளையடிச்சிருக்கோம். கவர்னர் தொர வர்ற நேரத்துல செவுத்துல ஓட்டையா? விழா முடியட்டும், பாக்கலாம்" என்றார். ஒரு சொல் எதிர்த்துப் பேசியிருக்கலாம். சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

அன்று மாலை அவர் மறுபடியும் கேட்டார். அந்த மூச்சிரைப்பைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "இடிக்கிறாங்கண்ணே. கொத்தனார் வந்துட்டாரு" என்றேன். "எந்தப் பக்கம்?" "தெக்குப் பக்கந்தான். நீங்க சொன்ன எடத்துலதான்." கண்ணை மூடிக்கொண்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. அந்தக் கை சுரத்தில் கொதித்தது. இரண்டு நாளில் போய்விட்டார்.

கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அவர் மனைவி மரியம்மா அண்ணி என்னைக் கூப்பிட்டு நிறுத்தினார். "கடைசி ரெண்டு நாளா நல்லாத் தூங்குனாரு தம்பி. ஒங்களப் பத்தித்தான் சொல்லிக்கினே இருந்தாரு. நடேசன் செவுத்த ஒடச்சிட்டாரு, இனிமே பயமில்ல மரியம், நீயும் பதினாலாந்தேதி போயி ஆட்டத்தப் பாருன்னாரு. நம்ம பசங்களயும் கூட்டிக்கினு போவச் சொன்னாரு. போறேன் தம்பி." இதைக் கேட்டு நான் அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். கொமித்தேக்காரர்கள் சுற்றிலும் நின்றார்கள். கைகூப்பிவிட்டு நகர்ந்தேன்.

ஒருவர் போன பிறகு அவர் நமக்கு விட்டுச்சென்றது என்ன என்று சொல்லி முடிப்பது வழக்கம். சிலருக்கு அவருடைய நேர்மை, சிலருக்கு அவருடைய சிரிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவர் விட்டுப்போனது அவருடைய பயம். அந்தப் பூகம்பத்திலிருந்து பன்னிரண்டு வருஷம் அவர் ஒருவராகச் சுமந்த பயம். அதைக் கிறுக்கு என்று சிரித்தவனிடமே அது வந்து சேர்ந்திருக்கிறது. இந்தக் காகிதத்தைப் படித்து முடித்ததும் என் செயலாளர் பொறுப்பைத் தலைவரிடம் கொடுத்துவிடுகிறேன். அதற்கு முன் செயலாளராக ஒரே ஒரு அறிவிப்பு. அண்ணி, நீங்கள் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறீர்கள், முதலில் உங்களுக்கு. நான் அவரிடம் சொன்னது பொய். தெற்குச் சுவரில் ஒரு செங்கல்கூடப் பெயர்க்கப்படவில்லை. பதினாலாந்தேதி பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வராதீர்கள். யாருமே வராதீர்கள்.