ஒரு வலைக்கு ஒரு கட்டை

போன வருஷம் ஐப்பசி மழையில், பழவேற்காட்டில் கடலோரமாக இருக்கும் எங்கள் குப்பத்தில் நடந்தது இது. ஆரம்பாக்கத்தில் இருக்கும் என் அண்ணனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து மகள் பிறந்திருந்தாள். முப்பதாம் நாள் பிள்ளையின் காதில் பேரைச் சொல்ல வேண்டியது அத்தையான நான்தான். சந்தோஷத்தில் வாய் சும்மா இருக்குமா? 'அன்னிக்கு பாப்பா என் கையால பின்னுன குரோஷா தொப்பிதான் போட்டுக்கும்'னு குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் பேசி அனுப்பிவிட்டேன். முனையில் கொக்கி வைத்த அந்தக் குரோஷா ஊசியை அதுவரை நான் தொட்டதுகூட இல்லை.

பஜாருக்குப் போயிருந்த வீட்டுக்காரரிடம் போனில், "நூலும் ஒரு ஹூக்கும் வாங்கியாய்யா" என்றேன். மனுஷன் நைலான் வலைநூலும், பெரிய மீனுக்குப் போடுகிற தூண்டில் முள்ளும் கொண்டுவந்து நீட்டினார். "நூலு கேட்ட, ஹூக்கு கேட்ட. இதுல இன்னாமே தப்பு?" என்று கேள்வி வேறு. தலையில் அடித்துக்கொண்டேன். மறுநாள் நானே பொன்னேரிக்கு பஸ் ஏறி, மெத்தென்ற மஞ்சள் கம்பளி நூலும் சரியான ஊசியும் வாங்கிவந்தேன்.

இனி யாரிடம் கற்றுக்கொள்வது? போனில் தேடினால் வீடியோ கொட்டுகிறது. ஒருத்தி கை தெரியாமல் பின்னினாள். ஒருத்தி அரைமணி நேரம் தன் கதையையே பேசினாள். டேட்டா தீர்ந்துவிடுமே என்று, ஆரம்பத்தில் பேசுவதையெல்லாம் ஓட்டிவிட்டு நேராகப் பின்னுகிற இடத்துக்குப் போய்விடுவேன். இப்படி ஒருத்தியிடம் 'டபுள் குரோஷா' என்கிற தையலைப் போடக் கற்றேன். சுற்றுக்கு எத்தனை 'டபுள் குரோஷா' என்று இன்னொருத்தி எழுதிப் போட்டிருந்த கணக்குப்படி தொப்பியைப் பின்னினேன். வந்தது தொப்பியா அது! இறால் கூடைக்கு மூடி போடலாம், அவ்வளவு பெரிசு. நாலு தடவை பிரித்தேன், நாலு தடவையும் கூடை மூடிதான். விசேஷத்துக்கு இன்னும் நாலே நாள். குரூப்பில் அண்ணி, 'தொப்பி ரெடியா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

புயல் எச்சரிக்கையால் யாரும் கடலுக்குப் போகவில்லை. வீட்டுக்காரர் எதிரில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிபண்ணிக்கொண்டிருந்தார். "யாரைப் பாத்துமே பின்ற?" என்று கேட்டார். எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு கோபம் வந்ததோ! "வலை பின்ற ஆளுக்கு இதெல்லாம் புரியாது. உன் வேலையைப் பாரு" என்று கத்திவிட்டேன். அவர் முகம் சுண்டிப்போனது.

கொஞ்ச நேரம் கழித்து, வலைக்கண்ணுக்கு அளவு வைக்கிற சின்ன மரக்கட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"ரெண்டு பேரு ஒரே வலையைப் பின்னுனாலும் கட்டை ஒண்ணுதாமே வச்சிக்குவோம். ஆளுக்கொரு கட்டை வச்சா கண்ணு ஒண்ணு சின்னது, ஒண்ணு பெரிசுன்னு போயிடும். நீ எத்தினி பேரு கட்டையை வச்சிக்கினு பின்ற?"

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பேருடையதையும் முதல் வரியிலிருந்து பார்த்தேன். வீடியோக்காரி முதல் நிமிஷத்திலேயே, 'நான் சொல்வது அமெரிக்கப் பெயர்கள்' என்கிறாள். கணக்கு எழுதியவளோ தலைப்புக்குக் கீழேயே, இங்கிலாந்துப் பெயர்கள் என்று போட்டிருக்கிறாள். பெயர் ஒன்று, தையல் வேறு! அவள் சொன்னது குட்டைத் தையல், நான் போட்டதெல்லாம் நெட்டைத் தையல். நான் ஓட்டிவிட்ட இடத்தில்தான் எல்லாமே இருந்திருக்கிறது.

வெட்கமாகப் போய்விட்டது. "தப்பா பேசிட்டேன், மனசுல வச்சிக்காதய்யா" என்றேன். "டீ போடு மொதல்ல" என்றார். டீ கொதிப்பதற்குள், ஒரு மரத்துண்டைச் செதுக்கி, பச்சைக்குழந்தை தலைக்கு இவ்வளவு போதும் என்று கோடு கிழித்துக் கொடுத்தார். கணக்கு எழுதியவளை விட்டுவிட்டு, அந்த வீடியோக்காரியே பின்னிக் காட்டியிருந்த ஒரு தொப்பியை முதலிலிருந்து கடைசிவரை பார்த்துப் பின்னினேன். ஒவ்வொரு சுற்றையும் அந்தக் கட்டையில் வைத்துப் பார்த்தேன்.

விசேஷத்தன்று மஞ்சள் தொப்பியில் பாப்பா கொட்டாவி விட்டாள். தொப்பி காதை மூடி இறங்கியிருந்ததால், அதைச் சற்று தூக்கித்தான் பேரைச் சொல்ல வேண்டியிருந்தது. "கட்டை சரிதான், தலைதான் இன்னும் வளரல" என்று என் ஆள் சொல்ல, ஒன்பது வருஷமாகச் சிரிப்பை மறந்திருந்த அண்ணி வாய்விட்டுச் சிரித்தாள்.

அந்தக் கட்டை இன்றும் என் நூல் பைக்குள் இருக்கிறது. புதிதாக எதைக் கற்றாலும் சொல்லிக்கொடுப்பவரின் முதல் வார்த்தையிலிருந்து கேட்கிறேன். எதிரில் வலை பின்னிக்கொண்டிருப்பவர் வாயைத் திறந்தால், ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்கிறேன்.