நான் மறைத்த திரிகை

காலை பத்து மணி பதினேழு நிமிடம். ஒளித்திரையில் முதலில் என் கண்ணில் பட்டது ஒரு பெண்ணின் பெயர்: அலிசியா, விதவை. அவளைப் பற்றி மூன்று வரிகள் இருந்தன. வாசித்தேன். பிறகு மறைத்தேன். கவனக்குறைவு அல்ல... தெரிந்தே மறைத்தேன்!

1974. மெல்பேர்ணில் ஒரு பல்கலைக்கழக நூலகத்தின் கீழ்த்தளம். நானும் றெஜினாவும் இடைக்கால இங்கிலாந்தின் துறவியர் மடம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தோம். இருவரும் யாழ்ப்பாணத்தவர். இலத்தீனை எனக்குச் சாமியாராகப் படித்த குருமடமும் அவளுக்குக் கன்னியர்மடப் பள்ளியும் தந்திருந்தன. குருமடத்தைப் பாதியில் விட்டபின் ஒன்பது ஆண்டுகள் கொழும்பில் ஒரு நாளிதழில் பிழை திருத்தியவன் நான். என் கண்ணுக்கு எழுத்து தப்பாது.

அந்த மடம்தான் ஊரின் நிலக்கிழார். குடிகள் தங்கள் தானியத்தை மடத்தின் ஆலையில் மட்டுமே அரைக்கலாம். அரைத்ததில் ஒரு பங்கு மடத்துக்கு. வீட்டில் திரிகை, கையால் சுற்றி அரைக்கும் கல், வைத்திருப்பது குற்றம். குடிகள் ஆலையை விரும்பியே ஏற்றார்கள் என்பது என் ஆய்வு. பெண்கள் ஏற்கவில்லை, ஒளித்து ஒளித்து வீட்டிலேயே அரைத்தார்கள் என்பது றெஜினாவின் ஆய்வு. எங்கள் துறையில் காலியாயிருந்த விரிவுரையாளர் இடமோ ஒன்றே ஒன்று.

மடத்து நீதிமன்றப் பதிவுகள், ஒளித்திரையில் பெரிதாக்கி வாசிக்கும் பன்னிரண்டு நுண்படச்சுருள்களில் இருந்தன. ஆறு எனக்கு, ஆறு அவளுக்கு. கண்டதைத் தமிழில் அட்டைகளில் எழுதி மாற்றிக்கொள்வோம்; பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்தாலும் விளங்காது. ஒருவர் பார்த்த சுருளை மற்றவர் மறுபடி பார்ப்பதில்லை. அது எங்கள் உடன்பாடு.

அன்று என் சுருளில் இருந்தது இதுதான். அலிசியா மூன்றாம் முறையாக வைக்கோற் படுக்கைக்குள் திரிகையை ஒளித்து வைத்திருந்தாள். அயல்வீட்டுப் பெண்கள் ஒன்பது பேர் வந்து அதில் அரைத்தார்கள். திரிகை தேவாலய வாசலில் வைத்து உடைக்கப்பட்டது.

இரண்டு வருடங்களாக றெஜினா தேடிய ஆதாரம்!

அட்டையில் எழுதினேன்: "ஆடுமாடு பயிர் மேய்ந்த வழக்குகள். வேறொன்றுமில்லை."

மத்தியானம் சாப்பிடும்போது அவள் கேட்டாள்.

"அண்ணை, உங்கட பாதியில ஏதும் கிடைச்சதோ?"

"இல்லை. எல்லாம் ஆட்டு வழக்குத்தான்."

"சாமிமாருக்கு ஆட்டைப் பற்றி மட்டுந்தான் கவலை போல. அந்த ஊர்ப் பெண்டுகள் என்ன, காத்தைத் திண்டே சீவிச்சவை?" சிரித்தாள். பிறகு சொன்னாள்: "பரவாயில்லை. உங்கட கண்ணில படாட்டி அது அங்க இல்லை எண்டுதான் அர்த்தம்."

நான் பாண் துண்டைக் கடித்தேன். விழுங்கவும் செய்தேன்.

நேர்முகத்தில் அவளிடம் ஒரே ஒரு ஆதாரம் கேட்டார்கள். அவளிடம் இருக்கவில்லை. ஊகம் நன்று, அவ்வளவுதான் என்றார்கள். இடம் எனக்குக் கிடைத்தது. அவளுடைய உதவித்தொகை அந்த ஆண்டோடு முடிந்தது. ஆய்வைக் கைவிட்டு டண்டினொங்கில் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள்.

வெட்கமில்லையா என்கிறீர்களா? மனைவி, கைக்குழந்தை, வாடகை என்று அடுக்கி உங்கள் இரக்கத்தைக் கேட்கமாட்டேன். அந்த இடம் எனக்கு வேண்டியிருந்தது. எடுத்துக்கொண்டேன்!

அலிசியாவின் பெயரை எழுதி வைத்த எழுத்தன் மட்டும் என்ன, யோக்கியனா? மடத்துச் சோறு தின்றவன். மடம் வென்றதால் எழுதினான். தோற்றிருந்தால் எழுதியிருப்பானா?... ஆனாலும் அவன் எழுதினான். நான் எழுதவில்லை. இந்த இடத்துக்கு வந்ததும் என் வாதம் ஒவ்வொரு முறையும் நின்றுவிடுகிறது.

பாவசங்கீர்த்தனத்துக்குப் போகலாமே என்பீர்கள். போகமாட்டேன். கூண்டுக்குள் இருக்கும் சாமியார் மன்னித்துவிடுவார், இழந்தவர் அவரல்லவே! உங்களிடம் சொல்வதற்குக் காரணமே, மன்னிக்கும் அதிகாரம் உங்களுக்கு இல்லை என்பதுதான்.

றெஜினாவிடம் ஏன் சொல்லவில்லை? சொன்னால் நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். கொடுக்கமாட்டேன். நல்ல ஆசிரியன் நான், கேட்டுப் பாருங்கள்... யாரைக் கேட்பீர்கள்? அந்த இடத்தில் அவள் எப்படிக் கற்பித்திருப்பாள் என்று யாருக்குத் தெரியும்? எனக்கும் தெரியாது.

மூன்று வருடங்களுக்குப் பிறகு என் ஆய்வு புத்தகமாக வந்தது. நன்றியுரையில் அவள் பெயரைச் சேர்த்தேன். ஒரு பிரதி அனுப்பினேன். பதில் வந்தது.

"அண்ணை, மறக்காமல் என்ர பேரைப் போட்டதுக்கு நன்றி. இஞ்ச என்னோட வேலை செய்யிற பெட்டையளுக்குக் காட்டினனான். ஒருத்தியும் நம்பேல்லை! நேரம் கிடைக்கேக்க முழுக்க வாசிப்பன்."

அந்தப் புத்தகத்தின் நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில், வீட்டுத் திரிகை பற்றிய வழக்கு எதுவும் இந்த மடத்தின் பதிவுகளில் இல்லை என்று எழுதியிருக்கிறேன்.