சந்தனம் வைத்த மானிட்டர்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கம்ப்யூட்டர் மக்கர் பண்ணினால் எதிரே யார் இருந்தாலும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

அம்மா போன பிறகு அப்பா அறந்தாங்கி வீட்டில் தனியாக இருந்தார். அதைச் சொல்லித்தான் வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கி வந்திருந்தேன். வேலை ஒருநாள் தடைப்பட்டாலும் சென்னைக்குத் திரும்பிவிட வேண்டும் என்று அலுவலகத்தில் கறாராகச் சொல்லியிருந்தார்கள். இது அப்பாவுக்கும் தெரியும்.

ஆயுத பூஜை வந்தது. அப்பா லாரி ஓட்டியவர். வண்டியைத் துடைக்கிற அதே சிரத்தையோடு என் இரண்டு மானிட்டர்களையும் துடைத்து, சந்தனமும் குங்குமமும் வைத்தார். துடைப்பதற்காகக் கழற்றியிருந்த வயர்களை மறுநாள் காலையில் நான் மாட்டினேன். ஒரு திரை வந்தது, இன்னொன்று கறுப்பாகவே கிடந்தது. பத்து மணிக்கு வேலைக்கு உட்கார வேண்டும்.

டெர்மினலில் கட்டளை அடித்துக் கேட்டால், இரண்டாவது திரை இணைக்கப்படவே இல்லை என்றது என் கம்ப்யூட்டரை இயக்கும் லினக்ஸ். முந்தின வாரம் போட்ட அப்டேட்தான் காரணம் என்று அதற்கு முந்தைய பழைய கெர்னலில் கம்ப்யூட்டரைக் கிளப்பிப் பார்த்தேன். அப்போதும் அதே கதைதான். பிறகுதான் என் கண் அந்தச் சந்தனப் பொட்டில் விழுந்தது.

“ஏம்ப்பா, ஈரத்துணியிலயா தொடச்சீங்க?”

“நல்லாப் பிழிஞ்சுதான்யா தொடச்சேன்.”

“பிழிஞ்சாலும் ஈரம் ஈரந்தானே. இதென்ன லாரியா?”

அவர் கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

நன்றாக வேலை செய்த திரையின் வயரைக் கழற்றிக் கறுப்புத் திரையில் மாட்டிப் பார்த்தேன். பளிச்சென்று வந்தது. அப்படியென்றால் மானிட்டரில் கோளாறில்லை. கம்ப்யூட்டர் பெட்டியைத் திருப்பினேன். அந்த வயர் பொருந்துகிற இடம் மதர்போர்டில் ஒன்று உண்டு, திரைக்கென்று தனியாகப் போட்ட கிராபிக்ஸ் கார்டில் இரண்டு உண்டு. கார்டு போட்ட என் பெட்டியில் மதர்போர்டில் இருப்பது வேலை செய்யாது. இரண்டாவது வயரை அதில்தான் சொருகியிருந்தேன். இடம் மாற்றியதும் இரண்டு திரையும் வந்துவிட்டன. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வெட்கமாக இருந்தது.

அப்பா துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருந்தார்.

“தப்பு என் மேலதாம்ப்பா. வயரை நாந்தான் மாத்திச் சொருகிட்டேன். ஒங்களப் பேசியிருக்கக் கூடாது.”

அதை அவர் காதில் வாங்கிக்கொண்ட மாதிரியே தெரியவில்லை.

“அப்ப நீ சென்னைக்குப் போக வேண்டியதில்லையே?” என்றார்.